மாடி வீடு, கைக்குழந்தை, மூட்டு வலியுள்ள மாமியார்: டொர்னேடோ வந்தால் எங்கே ஒதுங்குவது?

வேதாரண்யம்_மகள்:

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரியில் சென்னையிலிருந்து ஓக்லஹோமாவுக்கு வந்தோம். எட்மண்டில் அபார்ட்மெண்ட், மாடி வீடு. மகளுக்கு நாலு வயது, மகனுக்கு ஏழு மாதம். மாமியார் எங்களுக்குத் துணையாக வந்திருக்கிறார். அவருக்கு மூட்டு வலி, ஒவ்வொரு படியாகக் கம்பியைப் பிடித்துத்தான் இறங்குவார். கணவருக்கு ஓக்லஹோமா சிட்டி டவுன்டவுனில் வேலை, பகலெல்லாம் வீட்டில் நாங்கள் நாலு பேர்தான்.

எனக்குப் புயல் தெரியும். 2018 நவம்பரில் கஜா கரையேறியது எங்கள் ஊர்ப் பக்கம்தான். ஆனால் அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லிவிட்டார்கள். அரிசி, மெழுகுவர்த்தி, குழந்தைக்குப் பால் மாவு எல்லாம் வாங்கி வைக்க நேரம் இருந்தது. இங்கே டொர்னேடோவுக்கு, அதாவது சுழல்காற்றுக்கு, பத்துப் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும் என்கிறார்கள். அந்த நேரத்தில் நான் யாரைத் தூக்குவேன், யாரைக் கைப்பிடித்து இறக்குவேன்?

லீசிங் ஆபீசில் கேட்டேன். தனி ஷெல்டர் கிடையாது, பாத்ரூமில் இருந்துகொள்ளுங்கள் என்றார்கள். எங்கள் பாத்ரூமில் ஜன்னல் இல்லை, ஆனால் மாடி. அது போதுமா? பாத்டப்பில் குழந்தைகளைப் படுக்க வைக்கலாமா? சனிக்கிழமை மதியம் 12 மணிக்குச் சைரன் சோதனை ஊதும்போதெல்லாம் மகள் காதைப் பொத்திக்கொண்டு என் காலைக் கட்டிக்கொள்கிறாள். அவளிடம் என்ன சொல்வது? சின்னப் பிள்ளைகளோடு இதைக் கடந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். டொர்னேடோ அதிகம் வரும் மே மாதம் நெருங்க நெருங்கத் தூக்கம் வரவில்லை.

கொங்குநாடன்_டாலஸ்:

சகோ, நான் டாலஸ் பக்கம். என் யோசனை, வானிலை மோசம் என்று தெரிந்தவுடன் எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு அது வராத திசையில் போய்விடுங்கள். டொர்னேடோ ஒரு கோடு போலத்தான் போகும். மாடியில் உட்கார்ந்திருப்பதைவிட அது மேல்.

செம்மண்வாசி:

தங்கச்சி, நான் ஓக்லஹோமா சிட்டிக்குத் தெற்கே மூரில் இருக்கிறேன். பெரிய டொர்னேடோ அடித்த 2013 மே 20 அன்றைக்கும் இங்கேதான் இருந்தேன். மூத்தவனுக்கு அப்போது ஐந்து வயது, இளையவளுக்கு ஒன்றரை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் பதில். மாடியில் இருக்காதே. உன் பாத்ரூமில் ஜன்னல் இல்லாதது நல்லதுதான், ஆனால் மேலே கூரை மட்டும்தானே இருக்கிறது? காற்று முதலில் பிய்ப்பது கூரையை, அப்புறம் வெளிச்சுவரை. ஆகக் கீழ்த்தளம், ஆக நடு அறை, உனக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் எத்தனை சுவர் வைக்க முடியுமோ அத்தனை சுவர். இதுதான் கணக்கு. கீழே இறங்கவே முடியாமல் போனால்தான் மாடி பாத்ரூம்.

அதனால் இன்றைக்குச் சாயங்காலமே கீழ் வீட்டுக் கதவைத் தட்டு. யார் இருந்தாலும் சரி. "எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், வயதான மாமியார், சைரன் ஊதினால் உங்கள் வீட்டு நடு அறைக்கு வரலாமா?" என்று நேராகக் கேள். ஓக்லஹோமாக்காரர்கள் இதைக் கேட்டு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. 1999, 2013 டொர்னேடோக்களைப் பார்த்த சனம். அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்துக்கு ஒரு சாவி கேட்டு வாங்கு. சாவி தரத் தயங்கினால் கீழ்த்தளத்திலேயே இன்னொரு வீட்டைக் கேள். ஓக்லஹோமா சிட்டியோ எங்கள் மூரோ பொது ஷெல்டர் நடத்துவதில்லை, அதனால் எங்காவது திறந்து வைத்திருப்பார்கள் என்று நம்பிக் கிளம்பாதே.

அடுத்தது நேரம். உன் மாமியார் படி இறங்க எவ்வளவு ஆகும் என்று அவரை அவசரப்படுத்தாமல் ஒருமுறை கடிகாரம் பார்த்துக்கொள். அந்த நேரத்தை எச்சரிக்கைக்கு முன்னால் கொண்டுவந்து வை. எப்படி என்று சொல்கிறேன். டொர்னேடோ வாட்ச் என்று வந்தால், அன்றைக்கு அதற்கான வானிலை இருக்கிறது என்று பொருள். இது பல மணி நேரத்துக்கு, பல கவுண்டிகளுக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சேர்த்து வரும். வார்னிங் என்றால் ரேடாரில் சுழற்சி தெரிகிறது, அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கிடைப்பது நிமிடங்கள். உன் வீட்டுக்கு வாட்ச் வந்ததுமே அத்தையைக் கீழே இறக்கி, கீழ் வீட்டு ஹாலில் ஒரு நாற்காலியில் உட்கார வை. டீ குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கட்டும். ஒன்றும் வராமல் போனால் ராத்திரி மேலே ஏறிக்கொள்ளலாம்.

கவுண்டிப் பெயர்களைக் குறித்து வை. டிவியிலும் ரேடியோவிலும் கவுண்டி பெயர் சொல்லித்தான் அறிவிப்பார்கள். நீ இருப்பது ஓக்லஹோமா கவுண்டி. இங்கே புயல்மேகம் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகத்தான் நகரும். அதனால் உனக்கு மேற்கே இருக்கும் கேனடியன் கவுண்டியில் வார்னிங் என்றால் ஷூவை மாட்டிக்கொண்டு தயாராக நில். உன் கவுண்டி பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இப்போது பிள்ளைகள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துப் பிடித்துக்கொண்டால் போதும் என்று தோன்றும். அந்தக் காற்றில் எந்தத் தாயின் கையும் போதாது. குழந்தையின் கார் சீட்டைக் காரிலிருந்து எடுத்து, வாட்ச் வந்த நாளெல்லாம் ஒதுங்கும் இடத்திலேயே வை. நேரம் வந்ததும் அதில் உட்கார வைத்து வாரை இறுக்கு. கழுத்துக்கும் முதுகுக்கும் அது ஓடு மாதிரி. அதன் மேல் ஒரு கெட்டிப் போர்வை, அதையும் அணைத்து உன் உடம்பு. மகளுக்கு சைக்கிள் ஹெல்மெட். உனக்கும் அத்தைக்கும்கூட ஹெல்மெட் வாங்கு, வெட்கப்பட ஒன்றுமில்லை. டொர்னேடோவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் பறந்து வரும் பலகையும் செங்கலும்தான், தலையில் பட்டால் ஆக ஆபத்து.

பாத்டப்பைக் கேட்டாய். கீழ் வீட்டில் நடு அறை இல்லாமல் பாத்ரூம்தான் நடுவில் என்றால் டப் நல்ல இடம்தான், மேலே மெத்தையைப் போட்டுக்கொள். ஆனால் டப் தரையோடு நிற்கும் என்று எண்ணாதே. 2021 டிசம்பரில் கென்டக்கியில் ஒரு பாட்டி இரண்டு பேரக் குழந்தைகளை டப்பில் வைத்தார். வீடே போய், டப்பும் பிய்ந்து போனது. கவிழ்ந்து கிடந்த டப்புக்கு அடியில் இரண்டு குழந்தைகளும் உயிரோடு கிடைத்தார்கள். கடவுள் செயல். அதை நம்பி நாம் திட்டம் போட முடியாது, அதனால்தான் கார் சீட் என்கிறேன்.

அந்த மே 20ஐச் சொல்கிறேன். திங்கட்கிழமை. மூத்தவனுக்குக் காய்ச்சல், பள்ளிக்கு அனுப்பவில்லை. மதியம் 2:40க்கு வார்னிங் வந்தது. டிவியில் ஹெலிகாப்டர் படம் காட்டிக்கொண்டிருந்தார்கள். 2:56க்கு நியூகாசில் பக்கம் தரை தொட்டது என்றார்கள். எங்கள் வாடகை வீட்டில் அடித்தளம் இல்லை, இங்கே பெரும்பாலான வீடுகளில் கிடையாது. இந்தச் செம்மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், சுவரை விரிசல் விட வைக்கும். ஹால் நடுவில் கோட் மாட்டும் குளோசெட்தான் எங்கள் இடம் என்று மார்ச்சிலேயே முடிவு செய்து, துடைப்பத்தையும் வாக்குவம் கிளீனரையும் வெளியே எடுத்து வைத்திருந்தோம். உள்ளே தரையில் கட்டில் மெத்தை ஒன்றை மடித்துப் போட்டிருந்தேன்.

இளையவள் கார் சீட்டில், என் முழங்காலுக்கு நடுவில். மூத்தவன் ஹெல்மெட்டோடு என் முதுகுக்குப் பின்னால், சுவர் மூலையில். அவனுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன்: டார்ச் அவன் பொறுப்பு. கரண்ட் போனதும் "அம்மா, நான் போடட்டுமா?" என்று கேட்டான். அவன் முகத்தில் பயம் இருந்தது, ஆனால் கை வேலையில் இருந்தது. உன் மகளுக்கும் அப்படி ஒரு வேலை கொடு. விசில் வைத்திருப்பது அவள் வேலை என்று சொல். சனிக்கிழமைச் சைரனையும் அதற்கே பயன்படுத்திக்கொள். ஊதினதும் அவள் விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டி, ஹெல்மெட் போட்டு, செருப்பு இல்லை, ஷூ மாட்டிக் கதவருகே நிற்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் காதைப் பொத்துவதை விட்டு ஷூவைத் தேட ஆரம்பிப்பாள். "ஒன்றும் வராது" என்று மட்டும் சொல்லாதே. "வந்தால் நமக்கு ஒரு இடம் இருக்கிறது" என்று சொல்.

கூரை மேல் ஏதேதோ வந்து விழுந்தது. கல்லா பலகையா என்று தெரியவில்லை. வெளியே ஒரு தொடர்ச்சியான உறுமல், நின்று நின்று வரவில்லை. இளையவள் அழுது அழுது விக்கல் எடுத்தது. கோட்டுகளின் கம்பளி வாசனை, வியர்வை. நான் பிள்ளைகளுக்குத் தெரிந்த பாட்டை எல்லாம் பாடினேன். எங்கள் வீட்டுக்கு ஒரு ஜன்னலும் கொஞ்சம் கூரைத் தகடும்தான் போனது. பாதை ஒரு மைல் அகலத்துக்கு மேல். எங்களுக்குத் தெற்கே அது போன இடத்தில் தெருவே இல்லை. அன்றைக்கு 24 பேர் இறந்தார்கள். பிளாசா டவர்ஸ் தொடக்கப் பள்ளியில் ஏழு பிள்ளைகள். என் மகனைவிடக் கொஞ்சம்தான் மூத்த பிள்ளைகள். இன்றைக்கும் அந்தப் பக்கம் வண்டி ஓட்டும்போது பேச்சை நிறுத்திவிடுவேன்.

வெளியே வந்ததும் என்ன பார்ப்பாய் என்று சொல்லி வைக்கிறேன், அப்போதுதான் ஷூ ஏன் என்று புரியும். புல்வெளி முழுக்கச் சுவருக்குள் வைக்கும் இளஞ்சிவப்புப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. பலகை எல்லாம் ஆணி மேலே பார்த்தபடி. யாருடைய கல்யாண ஃபோட்டோவோ எங்கள் வேலியில். கேஸ் வாசனை. குழந்தை உள்ள வீட்டுக்கு இதுதான் கெட்ட நேரம், புயல் போய்விட்டது என்று பிள்ளைகளை இறக்கிவிடத் தோன்றும். இறக்காதே. தூக்கியே வை. அறுந்த ஒயர் எங்கே கிடக்கிறது என்று தெரியாது. தீக்குச்சி, மெழுகுவர்த்தி கூடாது. ஊர்ப் பழக்கத்தில் கை அங்கேதான் போகும், டார்ச்சே போதும்.

ஃபோன் லைன் கிடைக்காது, ஆனால் மெசேஜ் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். கணவரிடம் முன்பே சொல்லி வை, "எங்கே இருக்கிறோம் என்று ஒரு வரி அனுப்புவேன், நீங்கள் வண்டி எடுத்துக்கொண்டு எங்களை நோக்கி வராதீர்கள்" என்று. என் கணவர் அன்றைக்கு வேலையிடத்திலேயே இருந்தார். வந்திருந்தால் நேராக அதற்குள் வந்திருப்பார்.

கொங்குநாடன் தம்பிக்கு: காரில் கிளம்பச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மூர் நடந்து பதினோராம் நாள், மே 31, எல் ரீனோ டொர்னேடோ. 2.6 மைல் அகலம், அளந்ததிலேயே ஆக அகலமானது. மூரைப் பார்த்துப் பயந்துபோன சனமெல்லாம் அன்றைக்கு காரில் ஏறியது. சாலைகள் அடைத்து, வண்டி மேல் வண்டி நின்றது. அன்றைக்கு டொர்னேடோவில் இறந்த எட்டுப் பேரும் வாகனங்களில் இருந்தவர்கள். அதே இரவு ஓக்லஹோமா சிட்டியில் காற்றுக்குப் பயந்து மழைநீர் வடிகாலுக்குள் இறங்கியவர்களை வெள்ளம் கொண்டுபோனது, அதில் குழந்தைகளும் இருந்தார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் 2015 டிசம்பர் 26, கார்லண்ட் டொர்னேடோவிலும் இறந்தவர்களில் பெரும்பாலோர் நெடுஞ்சாலையில் காரில் இருந்தவர்கள்தான். கைக்குழந்தையும் மூட்டு வலிக்காரரும் உள்ள வீடு பார்க்கிங்குக்கு இறங்கி, ஏறி, வார் மாட்டி வெளியே வருவதற்குள் அந்தப் பத்து நிமிடம் முடிந்துவிடும்.

கொங்குநாடன்_டாலஸ்:

அக்கா, சரி. வீட்டிலிருந்து கிளம்புவதை விடுங்கள். வழியிலேயே மாட்டிக்கொண்டால்? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும்போது எச்சரிக்கை வந்தால்? மேம்பாலத்துக்கு அடியில் நிறுத்தலாம் என்று பலரும் சொல்கிறார்களே.

செம்மண்வாசி:

மேம்பாலம் மட்டும் வேண்டாம் தம்பி. அந்த இடுக்கில் காற்று இன்னும் வேகம் பிடிக்கும், பறந்து வருவதெல்லாம் உள்ளே வந்து குவியும். 1999 மே 3 அன்று இங்கே மேம்பாலங்களுக்கு அடியில் ஒதுங்கினவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். அதோடு நீங்கள் அங்கே நிறுத்தினால் பின்னால் வருகிறவர்கள் சாலையில் மாட்டிக்கொள்வார்கள்.

அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, கடையோ பெட்ரோல் பங்க்கோ எது முதலில் வருகிறதோ அதற்குள் ஓடுங்கள். அங்கேயும் கண்ணாடி முகப்பில் நிற்காமல் கழிப்பறைக்கோ சரக்கு வைக்கும் குளிர் அறைக்கோ போக வேண்டும். ஒன்றுமே இல்லாத வெட்டவெளி என்றால் பிள்ளைகளை சீட்டில் கட்டியபடியே வைத்து, தலையை ஜன்னல் மட்டத்துக்குக் கீழே அழுத்தி, கோட்டோ போர்வையோ போட்டு மூடுங்கள். வேறு வழியே இல்லாதபோதுதான் இது.

தாமிரபரணி:

நான் டென்னசி, நாஷ்வில். ராத்திரியைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். 2020 மார்ச் 3, நள்ளிரவு தாண்டி நாஷ்வில்லில் அடித்தது. ஒரு மணி நேரம் கழித்து, இரவு இரண்டு மணி வாக்கில் குக்வில் பக்கம் இன்னொன்று. அங்கே மட்டும் 19 பேர் போனார்கள், குழந்தைகளும் சேர்த்து. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரம்.

சைரன் வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது. ஏசியும் ஃபேனும் ஓடும் படுக்கையறைக்குள் கேட்கும் என்று நம்பாதீர்கள். ஃபோனில் அவசர எச்சரிக்கையை அணைத்து வைத்திருந்தால் இப்போதே போடுங்கள், ராத்திரி சைலண்டில் வைக்காதீர்கள். கூடவே ஒரு வெதர் ரேடியோ வாங்குங்கள், பேட்டரியிலும் ஓடும், உங்கள் கவுண்டியை மட்டும் தேர்ந்தெடுத்து வைக்கலாம். எங்கள் வீட்டில் அது கட்டில் தலைமாட்டிலேயே இருக்கும். மோசமான ராத்திரி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நாங்கள் பிள்ளைகளைக் கீழ்த்தளத்தில்தான் படுக்க வைக்கிறோம். தூங்கும் குழந்தையை மாடியிலிருந்து தூக்கி இறங்குவது பகலில் இறங்குவது போல இல்லை.

சேகர்_எட்மண்ட்:

நானும் எட்மண்ட்தான். நீங்கள் வாடகையில் இருப்பதால் சொந்த ஷெல்டர் போடுவது இப்போதைக்கு இல்லை, ஆனால் அடுத்த வருடம் வீடு வாங்குவீர்கள், அப்போது பயன்படும்.

இங்கே பல வீடுகளில் கராஜ் தரைக்கு அடியில் இரும்புப் பெட்டி போலப் புதைத்திருப்பார்கள். மேலே தள்ளு கதவு, உள்ளே நாலைந்து படி, இரண்டு பக்கமும் பெஞ்ச். உங்கள் மாமியாரை நினைத்துச் சொல்கிறேன், அந்தப் படி செங்குத்து. மூட்டு வலிக்காரர்களுக்குத் தரைமட்டத்தில் வைக்கும் இரும்பு அறைதான் சரி, நடந்தே நுழையலாம். பூமிக்கு மேல் இருக்கிறதே, தாங்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் சோதிக்கும்போது 15 பவுண்டு மரச்சட்டத்தை மணிக்கு 100 மைல் வேகத்தில் பீரங்கி போல அதன் மேல் சுடுவார்கள். அதைத் தாங்கின வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டில் அந்த வகைதான் போட்டோம். மாநில அரசு சூனர்சேஃப் என்ற திட்டத்தில் குலுக்கல் முறையில் செலவில் ஒரு பகுதி தந்து வந்தது, வீடு வாங்கியவுடன் அது அப்போது நடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

போட்டபின் உங்கள் ஷெல்டர் எங்கே இருக்கிறது என்று நகராட்சியில் பதிந்துவிடுங்கள். வீடு இடிந்து கதவு மேல் விழுந்துவிட்டால் தேடி வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். கதவு அடைபட்டால் தள்ளித் திறக்க உள்ளே ஒரு சின்ன ஜாக்கி வைப்பது நல்லது. மூரில் வாங்குவதாக இருந்தால் 2014க்குப் பிறகு கட்டின வீடா என்று பாருங்கள். அந்த வருடம்தான் அவர்கள் கட்டட விதியைக் கடுமையாக்கி, மணிக்கு 135 மைல் காற்றைத் தாங்கும்படி கட்ட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள்.

வேதாரண்யம்_மகள்:

அக்கா, எல்லோருக்கும் நன்றி. நேற்றே கீழ் வீட்டைத் தட்டினேன். தனியாக இருக்கும் ஒரு அம்மையார், எழுபது வயதுக்கு மேல். நான் முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே உள்ளே கூட்டிப்போய் குளோசெட்டைத் திறந்து காட்டினார். நடு ஹாலில், நாலு பக்கமும் சுவர். அதில் ஏற்கெனவே ஒரு ஹெல்மெட்டும் தண்ணீர் பாட்டில்களும் வைத்திருக்கிறார். சாவியும் கொடுத்துவிட்டார். "உன் மாமியார் வந்தால் எனக்கும் துணை" என்றார். அத்தைக்கு அவர் இங்கிலீஷ் புரியாது, அவருக்கு அத்தை தமிழ் புரியாது. இரண்டு பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

அத்தை இறங்குவதையும் கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டேன். நான் நினைத்ததைவிட அதிக நேரம். அதனால் வாட்ச் வந்ததுமே இறக்குவது என்று முடிவாகிவிட்டது. இன்னும் ஒரு சந்தேகம். மகனுக்குத் தாய்ப்பாலோடு பால் பவுடரும் கொடுக்கிறேன். பையில் என்ன வைப்பது, எவ்வளவு?

செம்மண்வாசி:

அந்த அம்மாவுக்கு ஒரு நாள் சாப்பாடு சமைத்துக் கொண்டுபோய்க் கொடு, காரம் குறைவாக.

பைக்கு: மூன்று நாள் கணக்குப் போடு. 2013இல் எங்கள் குழாயில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் சரியாக வரவில்லை, அதனால் பவுடரைவிடத் தண்ணீர் முக்கியம். பாட்டில் கழுவவும் தண்ணீர் வேண்டும் என்பதை மறந்துவிடாதே. கலக்கத் தேவையில்லாமல் அப்படியே ஊற்றிக் கொடுக்கும் பால் சின்னச் சின்ன பாட்டிலாகக் கடையில் கிடைக்கிறது, அதில் கொஞ்சம் வாங்கி வைத்தால் கொதிக்க வைக்கும் தொல்லை இல்லை. தேதி பார்த்து மாற்று. டயபர், ஒரு மாற்றுத் துணி, அத்தையின் மாத்திரை, பாஸ்போர்ட்டும் விசாத் தாள்களும் ஒரு பிளாஸ்டிக் உறையில், ஃபோன் சார்ஜ் செய்யும் பவர் பேங்க். மகளுக்குப் பிடித்த பொம்மை ஒன்று, அவளே எடுத்து வைக்கட்டும்.

பையை மாடியில் வைக்காதே. இன்றைக்கே கீழே அந்தக் குளோசெட்டில் வைத்துவிட்டு வா. உன் இரண்டு கையும் பிள்ளைகளுக்கு வேண்டும்.